பாசிசத்தின் தோற்றமும் வரையறையும்: மார்க்சியர்களிடையே நடந்த விவாதம்

பாசிசத்தைப் பற்றிய முதல் மார்க்சிய எழுத்துகள் 1921ஆம் ஆண்டிலேயே வெளிவரத் தொடங்கிவிட்டன. அப்போது முசோலினி ஆட்சிக்கு வந்திருக்கவில்லை. ஹிட்லரின் பெயரை மியூனிக் நகருக்கு வெளியே அறிந்தவர்கள் குறைவு. எழுதியவர்கள் தொழிற்சங்க அமைப்பாளர்களாகவும் கட்சிப் பத்திரிகைகளின் ஆசிரியர்களாகவும் நாடாளுமன்ற உறுப்பினர்களாகவும் இருந்தார்கள். அவர்களில் பலருடைய வாழ்க்கை அடுத்த 20 ஆண்டுகளுக்குள் சிறையிலோ நாடுகடந்த வறுமையிலோ கொலைக்களத்திலோ முடிந்தது. ஆகவே அவர்கள் வகுத்த வரையறைகளை அரசியல் முடிவுகளாகவே படிக்க வேண்டும். எதிரி யார், அவனை எதிர்க்க யாரைத் துணை சேர்ப்பது, அவன் எவ்வளவு காலம் நிலைப்பான் என்ற மூன்று கேள்விகளுக்குமான விடை ஒவ்வொரு வரையறைக்குள்ளும் அடங்கியிருந்தது. விடை பிழைத்த இடங்களில் அதற்கான விலையை உயிர்களாகக் கொடுக்க நேர்ந்தது.

அந்த விவாதத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகப் புலப்படுகிறது. பாசிசத்துக்கு இரண்டு பிறப்பிடங்கள் இருந்தன. ஒன்று, போரிலும் பணவீக்கத்திலும் வேலையின்மையிலும் நிலைகுலைந்த பரந்த மக்கட்பகுதிகளிலிருந்து கிளம்பிய ஓர் இயக்கம். மற்றொன்று, சொத்துடையோரும் படை அதிகாரிகளும் நீதிமன்றங்களும் காவல்துறையும் அந்த இயக்கத்துக்கு நீட்டிய ஆதரவுக் கரம். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கண்டு மற்றொன்றை விட்ட வரையறைகள் அரசியலில் வழிதவறின. இரண்டும் எந்த இடத்தில், எந்த நேரத்தில், என்ன ஒப்பந்தத்தின் பேரில் இணைந்தன என்று ஆராய்ந்தவையே இன்றும் பயன்படுகின்றன. அந்த இணைப்பு முதன்முதலில் நிகழ்ந்த இடம் வட இத்தாலியின் போ நதிச் சமவெளி என்பதால், அப்பகுதியின் வரலாற்றைச் சற்று விரிவாகவே நோக்க வேண்டியுள்ளது.

1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் முசோலினி கூட்டிய கூட்டத்தில் பாசிச இயக்கம் தொடங்கப்பட்டபோது அது மிகச் சிறிய குழுவாகவே இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் மிலானில் அதற்கு 5,000 வாக்குகள்கூடக் கிடைக்கவில்லை. நாடாளுமன்றத்தில் ஓரிடமும் இல்லை. முசோலினியை 1914இல் வெளியேற்றிய சோஷலிஸ்ட் கட்சியோ அதே தேர்தலில் 156 இடங்களைப் பெற்று நாட்டின் மிகப் பெரிய கட்சியாயிற்று. 1920 செப்டம்பரில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உலோகத் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி, தூரின் போன்ற நகரங்களில் தங்கள் ஆலைக் குழுக்களைக் கொண்டே உற்பத்தியை நடத்திக் காட்டினார்கள். பிரதமர் ஜியோலித்தி படையை அனுப்பாமல் காத்திருந்தார். கட்சியும் தொழிற்சங்கத் தலைமையும் புரட்சி என்ற பொறுப்பை ஒன்று மற்றொன்றின் மேல் சுமத்தின. சில சலுகைகளோடு போராட்டம் முடிந்தது. தொழிலாளர்கள் ஏமாற்றத்தோடு ஆலைகளை விட்டு வெளியேறினார்கள். அரசு தங்களைக் கைவிட்டுவிட்டது என்ற அச்சத்தோடும் வஞ்சத்தோடும் முதலாளிகள் உள்ளே திரும்பினார்கள்.

ஆனால் பாசிசத்தை வளர்த்தெடுத்த நிலம் ஆலைப் பகுதி அன்று. பொலோன்யா, ஃபெர்ராரா, ரொவீகோ மாவட்டங்களின் வயல்வெளி. சதுப்பு நிலங்களை வடித்து உருவாக்கப்பட்ட பெரும் பண்ணைகளில் நாட்கூலிக்கு உழைத்த நிலமற்ற விவசாயத் தொழிலாளர்கள் அங்கே ஏராளம். ஆண்டின் பெரும்பகுதி வேலையின்றி இருந்த அவர்கள், சோஷலிஸ்ட் சங்கங்களின் வழியே வியக்கத்தக்க ஒரு வலிமையைக் கட்டி எழுப்பியிருந்தார்கள். யாருக்கு எப்போது வேலை என்பதைச் சங்கமே தீர்மானித்தது. இத்தனை நிலத்துக்கு இத்தனை ஆட்களைப் பண்ணையார் எடுத்தே தீர வேண்டும் என்ற விதியும் பல இடங்களில் அமலில் இருந்தது. சங்கத்தை மீறி ஆள் வைத்த பண்ணையார் புறக்கணிப்புக்கு உள்ளானார். 1920ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தம் அக்டோபரில் பொலோன்யா மாவட்டத் தொழிலாளர்களின் முழு வெற்றியில் முடிந்தது. உள்ளாட்சித் தேர்தல்களிலும் சோஷலிஸ்டுகள் ஊர்களைக் கைப்பற்றினார்கள். நிலவுடைமையாளர்களின் பார்வையில், அவர்களுடைய நிலத்தின் மேல் அவர்களுக்கிருந்த அதிகாரமே பறிபோய்விட்டது.

நவம்பர் 21 அன்று பொலோன்யா நகராட்சி மாளிகையில் புதிய சோஷலிஸ்ட் நிர்வாகம் பொறுப்பேற்ற வேளையில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் நிலைமை தலைகீழாயிற்று. பாசிச அடியாள் படைகளுக்குப் பண்ணையார்கள் பணமும் லாரிகளும் தந்தார்கள். படைமுகாம்களிலிருந்து துப்பாக்கிகள் வந்தன. காவல்துறை கண்ணை மூடிக்கொண்டது, சில இடங்களில் உடன் சென்றது. ஃபெர்ராராவில் இந்தப் படைகளை நடத்திய இத்தாலோ பால்போ, போரிலிருந்து திரும்பிய 24 வயது இளைஞர். இரவில் லாரிகளில் வந்து இறங்கும் கும்பல் சங்கச் செயலாளரின் வீட்டைச் சூழ்ந்துகொள்வதையும், அவர் வெளியே வராவிட்டால் வீட்டையே கொளுத்துவதாக மிரட்டுவதையும், ரொவீகோ பகுதியின் சோஷலிஸ்ட் உறுப்பினரான ஜாகோமோ மத்தியோத்தி 1921இல் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். 1924 ஜூன் 10 அன்று அவரே பாசிஸ்டுகளால் கடத்திக் கொல்லப்பட்டார். சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கான சங்க அலுவலகங்களும் கூட்டுறவுக் கடைகளும் மக்கள் மன்றங்களும் சாம்பலாயின. ஒரு தலைமுறை கட்டியதை ஒரு பருவத்தில் அழித்தார்கள்.

வன்முறை மட்டுமே இதைச் சாதித்தது என்று கொள்வதும் முழுமையான விளக்கமாகாது. சோஷலிஸ்டுகளின் முழக்கம் நிலத்தைச் சமூகவுடைமையாக்குவது. வாரத்துக்கு உழுதவர்களும் சிறு குத்தகையாளர்களும் விரும்பியதோ தங்களுக்கென ஒரு துண்டு நிலம். பாசிஸ்டுகள் உழுபவனுக்கே நிலம் என்று முழங்கி, சில பண்ணையார்களிடமிருந்து நிலத்துண்டுகளை வாங்கிப் பகிர்ந்தளிக்கவும் செய்தார்கள். சங்கம் சிதைந்த ஊர்களில் வேலை வேண்டிய கூலிகள் பாசிசச் சங்கத்தில் பதிவு செய்துகொள்வதைத் தவிர வேறு வழியற்றுப் போனார்கள். ஒரே வர்க்க அமைப்புக்குள் இருந்த உள்முரண்களைப் பகைவன் நன்றாகப் படித்து வைத்திருந்தான் என்பதை மார்க்சியர்கள் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த நிகழ்வுகளை உடனுக்குடன் எழுத்தில் பதிந்தவர்களுள் தலையாயவர் அந்தோனியோ கிராம்சி. 1921 ஜனவரியில் தூரின் நகரின் 'லோர்தினே நுவோவோ' இதழில் அவர் எழுதிய கட்டுரை, பாசிசத்தைக் குட்டி முதலாளித்துவத்தின் கடைசி அவதாரமாகக் கண்டது. குட்டி முதலாளித்துவம் என்பது பெருமுதலாளிக்கும் கூலித் தொழிலாளிக்கும் இடைப்பட்ட கடைக்காரர், சிறு உடைமையாளர், அலுவலர், வழக்கறிஞர் போன்றோரின் பகுதி. உற்பத்தியில் தன் இடத்தை இழந்துவிட்ட இப்பகுதி முதலில் நாடாளுமன்ற அரசியலில் அடைக்கலம் தேடி அதைச் சீரழித்தது, பிறகு தெருவில் இறங்கித் தொழிலாளி வர்க்கத்தின் செயல்முறைகளைப் போலி செய்யத் தொடங்கியது என்பது கிராம்சியின் வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் இன்னும் ஒரு படி முன்னேறினார். அம்மாதம் முசோலினி சோஷலிஸ்டுகளோடு சமாதான ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டபோது, போ சமவெளியின் பாசிசத் தலைவர்கள் அதை வெளிப்படையாக எதிர்த்து அவரைப் பின்வாங்கச் செய்தார்கள். நாடாளுமன்றப் பேரத்தை நாடும் நகர்ப்புறப் பாசிசம், உழவர் சங்கங்களை வேரோடு அழிக்க முனையும் நாட்டுப்புறப் பாசிசம் என்று இரண்டு பாசிசங்கள் உண்டென்று கிராம்சி அப்போது பிரித்துக் காட்டினார். பாசிசம் யாரோ ஒருவர் இயக்கும் பொம்மை என்ற எளிய விளக்கம் செல்லாது என்பதற்கு இந்த நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்று.

இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் அன்றைய தலைவரான அமதேயோ போர்திகாவோ நேர்மாறாகச் சிந்தித்தார். முதலாளித்துவத்தின் கையில் ஜனநாயகம், பாசிசம் என்று இரு முறைகள் உள்ளன, சூழலுக்கேற்ப அது ஒன்றை விட்டு மற்றொன்றை எடுக்கிறது, எனவே இரண்டுக்கும் இடையில் சாராம்சமான வேறுபாடு இல்லை என்று அவர் வாதிட்டார். கோட்பாட்டளவில் கறாரானதாகத் தோன்றும் இந்த நிலைப்பாட்டின் நடைமுறை விளைவு கொடியது. 1921 கோடையில் முன்னாள் படைவீரர்களும் தொழிலாளர்களும் கட்சி வேறுபாடு பாராமல் 'மக்கள் வீரர்கள்' என்ற தற்காப்புப் படைகளை அமைத்தபோது, கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களை அவற்றில் சேர வேண்டாமென்று தடுத்தது. சோஷலிஸ்ட் கட்சி சமாதான ஒப்பந்தத்தை நம்பி அவற்றைக் கைவிட்டது. அந்தத் தற்காப்பு எதைச் சாதித்திருக்கும் என்பதற்கு 1922 ஆகஸ்டில் பார்மா நகரம் விடையளித்தது. குவீதோ பிச்செல்லியின் தலைமையில் ஏழைத் தொழிலாளர்களின் குடியிருப்புகள் தடுப்பரண் எழுப்பி, பால்போ திரட்டி வந்த ஆயிரக்கணக்கான அடியாட்களைப் பல நாட்கள் எதிர்த்து நின்று திருப்பி அனுப்பின. ஆனால் அது ஒரே ஒரு நகரம். அக்டோபர் 28 அன்று ரோமை நோக்கிய அணிவகுப்பு நடந்தபோது, இராணுவச் சட்டம் பிறப்பிக்கும் ஆணையில் மன்னர் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்து, முசோலினியை அமைச்சரவை அமைக்க அழைத்தார்.

எட்டு மாதங்கள் கழித்து, 1923 ஜூனில், மாஸ்கோவில் கம்யூனிஸ்ட் அகிலத்தின் விரிவடைந்த செயற்குழுவுக்கு ஜெர்மன் கம்யூனிஸ்ட் கிளாரா ஜெட்கின் அளித்த அறிக்கை, இவ்விவாதத்தின் முதல் முழுமையான ஆவணம் எனலாம். அகிலம் என்பது உலகின் கம்யூனிஸ்ட் கட்சிகள் அனைத்தும் இணைந்த பன்னாட்டு அமைப்பு. ஹங்கேரியில் ஹோர்த்தி நடத்திய வெள்ளைப் பயங்கரத்தையும் இத்தாலியப் பாசிசத்தையும் ஒன்றெனக் கொள்ளக் கூடாது என்று ஜெட்கின் வலியுறுத்தினார். முன்னது, சில மாதங்கள் ஆட்சியில் இருந்த புரட்சியை ஒரு சிறு அதிகாரிக் கும்பல் பழிவாங்கியது. பின்னது, பாட்டாளி வர்க்கத்தின் பகுதிகள் வரை வேர்விட்ட பரந்த மக்கள் இயக்கம். தொழிலாளர் இயக்கம் தொடங்கிய மாற்றத்தை முடிக்காமல் பாதியில் நின்றதே பாசிசம் பிறக்க இடமளித்தது என்பதும், நம்பிக்கையிழந்து அங்கே போனவர்களைத் துப்பாக்கியால் மட்டும் வெல்ல முடியாது, அவர்களுடைய மனத்தையும் வெல்ல வேண்டும் என்பதும் அவருடைய முடிவுகள். 65 வயதில், கடும் நோயோடு அவர் தந்த இந்த அறிக்கையில் இருந்த தெளிவை அவருடைய சொந்த அமைப்பே அடுத்த சில ஆண்டுகளில் கைவிட்டது.

காலவரிசை குறித்த ஒரு செய்தி இங்கே அழுத்திச் சொல்லத்தக்கது. புரட்சியின் நேரடி அச்சுறுத்தலுக்கு எதிர்வினையாகவே பாசிசம் எழுந்தது என்பது இன்றும் பரவலாக நிலவும் கருத்து. ஆனால் காலவரிசை இதை மறுக்கிறது. இத்தாலியில் ஆலைக் கைப்பற்றல் முடிந்த பிறகே பாசிசம் வளர்ந்தது; 1921 ஜூலையில் முசோலினியின் பத்திரிகையே நாட்டில் போல்ஷ்விக் ஆபத்து எஞ்சியிருக்கவில்லை என்று எழுதியது. ஜெர்மனியில் கடைசிப் புரட்சி முயற்சி 1923 அக்டோபரில் ஹாம்பர்க்கில் ஒடுக்கப்பட்டது. நாஜிகள் பேரளவில் எழுந்தது 1930இல். முதலாளித்துவம் பாசிசத்தை நாடியது தோல்வியின் விளிம்பில் நின்றபோதன்று. தாக்குதல் தளர்ந்துபோன தொழிலாளி வர்க்கத்திடம் இன்னும் எஞ்சியிருந்த சங்கங்கள், கூலி ஒப்பந்தங்கள், காப்பீட்டு உரிமைகள் ஆகியவற்றைப் பறிக்க வாய்ப்புக் கண்டபோது. இக்கருத்தைப் பிற்காலத்தில் பாரிஸில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் நிக்கோஸ் பூலான்ட்சாஸ் 1970இல் வெளியிட்ட நூலில் கோட்பாடாகவே விரித்துரைத்தார்.

ஜெர்மனியின் வரலாறு இன்னும் கசப்பானது. 1928ஆம் ஆண்டு ஆறாவது மாநாட்டிலிருந்து அகிலம், முதலாளித்துவம் தன் இறுதி நெருக்கடிக் கட்டத்தில் நுழைந்துவிட்டதென அறிவித்தது. சமூக ஜனநாயகக் கட்சியினர் பாசிசத்தின் மிதவாதப் பிரிவினரே என்ற பழைய கூற்று அதன் பின் 'சமூகப் பாசிசம்' என்ற கோட்பாடாக இறுகியது. இக்கோட்பாட்டைக் கம்யூனிஸ்ட் தொண்டர்கள் நம்பியதற்குக் காரணங்கள் இருந்தன என்பதை நியாயமாகச் சொல்லியாக வேண்டும். 1919 ஜனவரியில் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்ட்டும் கொல்லப்பட்டது சமூக ஜனநாயக அமைச்சர் அழைத்து வந்த கூலிப் படைகளால். 1929 மே தினத்தன்று பெர்லின் தொழிலாளர் குடியிருப்புகளில் 30க்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்ற காவல்துறைக்குத் தலைவராக இருந்தவர் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். காயம் உண்மையானது, அந்தக் காயத்திலிருந்து ஒரு வரையறை வடிக்கப்பட்டதுதான் பேரழிவு. 1931 ஆகஸ்டில் பிரஷ்ய மாநிலச் சட்டமன்றத்தைக் கலைக்க வலதுசாரிகளும் நாஜிகளும் கொண்டுவந்த வாக்கெடுப்பைக் கம்யூனிஸ்ட் கட்சியும் ஆதரித்தது. மறுபுறம் சமூக ஜனநாயகத் தலைமை சட்டத்தின் நிழலே போதும் என்றிருந்தது. 1932 ஜூலை 20 அன்று பிரதமர் பாப்பன் பிரஷ்யாவில் இருந்த அதன் ஆட்சியை ஓர் ஆணையால் அகற்றியபோது, வேலைநிறுத்த அழைப்புகூட விடாமல் நீதிமன்றத்தை நாடியது.

1928இல் 2.6 சதவீத வாக்கு பெற்றிருந்த நாஜிக் கட்சி 1930இல் 18.3 சதவீதத்தையும் 1932 ஜூலையில் 37 சதவீதத்தையும் எட்டியது. வேலையற்றோர் தொகை 60 லட்சத்தைத் தொட்டிருந்த காலம் அது. 1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சி 33.1 சதவீதத்துக்கும் 196 இடங்களுக்கும் இறங்கியது; சமூக ஜனநாயகவாதிகளுக்கு 121 இடங்களும் கம்யூனிஸ்டுகளுக்கு 100 இடங்களும் கிடைத்தன. இரு தொழிலாளர் கட்சிகளும் சேர்ந்தால் நாஜிகளைவிடப் பெரியவை. கூட்டல் கணக்கு அரசியலாகிவிடாது என்பது உண்மையே; ஆனால் அந்தக் கூட்டலை முயன்று பார்க்கவும் இடமளிக்காத வரையறையை இரு தரப்புத் தலைமைகளும் கட்டிக் காத்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று, நாடாளுமன்றத்தின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் அவையைத் தொடங்கி வைத்த 75 வயது ஜெட்கின், நாஜி உறுப்பினர்கள் நிறைந்திருந்த மன்றத்தில் பாசிசத்துக்கு எதிரான ஐக்கிய முன்னணிக்கு அழைப்பு விடுத்தார். துருக்கியின் பிரிங்கிபோ தீவில் நாடுகடத்தப்பட்டிருந்த ரஷ்யப் புரட்சித் தலைவர் டிராட்ஸ்கி, 1930 முதல் வெளியிட்ட சிறுநூல்களில் இதையே மன்றாடிக்கொண்டிருந்தார். சாதாரண முதலாளித்துவ அடக்குமுறை தொழிலாளர் அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது, பாசிசமோ அவற்றை ஒன்றும் எஞ்சாமல் அழித்துத் தொழிலாளர்களைத் தனித்தனி மனிதர்களாகச் சிதறடிக்கிறது, அந்த வேலையைக் காவல்துறையால் செய்ய முடியாது, வெறியூட்டப்பட்ட மக்கள் இயக்கத்தால்தான் முடியும் என்ற அவருடைய விளக்கம் சில மாதங்களிலேயே மெய்யாயிற்று. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். மே 2 அன்று தொழிற்சங்க அலுவலகங்கள் அனைத்தும் கைப்பற்றப்பட்டன.

நிதி மூலதனத்தின், அதாவது வங்கியும் பெருந்தொழிலும் ஒன்றிணைந்த ஏகபோக மூலதனத்தின், மிகப் பிற்போக்கான, இனவெறி மிகுந்த, ஏகாதிபத்தியப் பகுதியினர் நடத்தும் வெளிப்படையான பயங்கரவாதச் சர்வாதிகாரமே பாசிசம் என்ற வரையறை இத்தோல்விக்குப் பின்னரே உருப்பெற்றது. 1933 டிசம்பரில் அகிலத்தின் செயற்குழு ஏற்ற இவ்வரையறையை 1935ஆம் ஆண்டு ஏழாவது மாநாட்டில் பல்கேரியக் கம்யூனிஸ்ட் டிமிட்ரோவ் உலகறியச் செய்தார். ஜெர்மன் நாடாளுமன்றத் தீவைப்பு வழக்கில் லைப்சிக் நீதிமன்றத்தில் நாஜிகளை எதிர்த்து நின்று விடுதலை பெற்றவர் என்பதால் அவர் சொல்லுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. தமிழில் இடதுசாரி வெளியீடுகளின் வழியாக மிகுதியும் அறியப்பட்டிருப்பதும் இவ்வரையறையே. பாசிசத்தைப் பிற முதலாளித்துவ ஆட்சிகளிலிருந்து பிரித்து, சமூக ஜனநாயகவாதிகளோடும் மிதவாதிகளோடும் மக்கள் முன்னணி அமைக்க வழிதிறந்தது இதன் பெரும் நன்மை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் 1936இல் அவ்வகை அரசுகள் அமைந்தன. வங்காளத் தந்தைக்குப் பிறந்த பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் ரஜனி பாமிதத், பென் பிராட்லியோடு சேர்ந்து அதே ஆண்டு இந்தியாவுக்கான ஏகாதிபத்திய எதிர்ப்பு மக்கள் முன்னணிக் கொள்கையை வகுத்தளித்ததும் இந்தத் திருப்பத்தின் தொடர்ச்சி. ஆயினும் ஆட்சியில் அமர்ந்த பாசிசத்தை மட்டும் இவ்வரையறை விளக்குகிறது. ஆட்சிக்கு வருமுன் லட்சக்கணக்கான சாதாரண மக்கள் ஏன் அதன் பின்னே சென்றார்கள் என்ற கேள்வி வரையறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. டிமிட்ரோவ் தம் உரையின் பிற பகுதிகளில் அதைப் பேசினார். ஆனால் பரவியது வரையறை மட்டுமே.

அகிலத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களிடமிருந்தே ஆழமான விளக்கங்கள் வந்தன என்பது தற்செயலன்று; அவர்களுக்குக் காக்க வேண்டிய தீர்மானம் எதுவும் இருக்கவில்லை. ஜெர்மன் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட ஆகஸ்ட் தால்ஹைமர், 1851ஆம் ஆண்டு லூயி போனபார்ட்டின் ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி மார்க்ஸ் எழுதிய நூலிலிருந்து தொடங்கினார். தொழிலாளி வர்க்கம் தாக்கித் தோற்றிருக்கிறது, முதலாளி வர்க்கமும் தானே நேராக ஆளும் வலுவை இழந்திருக்கிறது என்ற நிலையில், தன் சமூக அதிகாரத்தை, அதாவது சொத்தை, காத்துக்கொள்வதற்காக முதலாளி வர்க்கம் தன் அரசியல் அதிகாரத்தை ஓர் எதேச்சாதிகாரியிடம் ஒப்படைக்கிறது என்பது அவர் கண்ட பொதுக்கூறு. இரண்டும் ஒன்றே என்று அவர் சொல்லவில்லை. பாசிசத்திடம் இருந்த வெகுமக்கள் கட்சி போனபார்ட்டிடம் இல்லை. இந்தத் தால்ஹைமர் குழுவின் இதழ்களில் எழுதியதற்காகவே எம். என். ராய் 1929இல் அகிலத்திலிருந்து விலக்கப்பட்டார் என்பது இந்திய வாசகர் நினைவில் கொள்ளத்தக்க செய்தி. 1938இல் பாசிசத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார் ராய். வியன்னாத் தொழிலாளர் குடியிருப்புகள் 1934 பிப்ரவரியில் பீரங்கியால் தாக்கப்பட்டதைக் கண்ட ஆஸ்திரிய சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பாவர், நாடுகடந்து எழுதிய நூலில், வர்க்கங்களிடையே ஏற்பட்ட ஒருவகைச் சமநிலையே பாசிசத்துக்கு வழிவிட்டது என்று ஏறக்குறைய இதே திசையில் வாதிட்டார்.

தாமதமாகவே உரிய கவனத்தைப் பெற்றவர் வரலாற்றறிஞர் ஆர்தர் ரோசன்பெர்க். நாஜிக் கோட்பாட்டாளர் ஆல்ஃபிரெட் ரோசன்பெர்க்கோடு இவருக்குத் தொடர்பில்லை. இவர் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1927இல் அக்கட்சியை விட்டு விலகியவர். 1934இல் புனைபெயரில் வெளியிட்ட கட்டுரையில் அவர், பாசிசத்தின் கருத்துகளில் புதியது எதுவுமில்லை என்றார். தீவிரத் தேசியம், யூத வெறுப்பு, வலிய தலைவர் வழிபாடு ஆகிய யாவும் 1914க்கு முன்பே ஐரோப்பாவின் படித்த, நடுத்தரப் பகுதிகளில் வேரூன்றிக் கிடந்தன. அடியாள் படைகள் சட்டத்தை வெளிப்படையாக மீறிக் கொலை செய்ய, சட்டத்தைக் காக்க வேண்டிய காவல்துறையும் நீதிமன்றமும் அதைப் பொறுத்துக்கொண்டதே அவர் கண்ட புதுமை. போ சமவெளியை நினைவில் கொண்டு படிப்பவருக்கு இவ்விளக்கத்தின் வலிமை உடனே விளங்கும். இயக்கமும் அரசும் எங்கே கைகோத்தன என்பதை இவ்வளவு துல்லியமாகச் சுட்டியவர் அன்று வேறொருவர் இல்லை.

ஆட்சிக்கு வந்த பாசிசம் மக்களை எவ்வாறு பிடித்து வைத்தது என்ற கேள்விக்கு மிகச் சிறந்த விடை தந்தவர் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் பல்மிரோ தோக்லியாட்டி. 1935இல் மாஸ்கோவில் இத்தாலியத் தோழர்களுக்கு நடத்திய வகுப்புகளில் அவர் பாசிசத்தை வெகுமக்கள் அடித்தளம் கொண்ட பிற்போக்கு ஆட்சி என்று வரையறுத்தார். பாசிசத் தொழிற்சங்கம், ஓய்வுநேர மன்றம், இளைஞர் அமைப்பு ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்கின என்று நுணுக்கமாக விளக்கி, கம்யூனிஸ்டுகள் அவற்றுக்கு வெளியே நின்று சபிப்பதை விட்டு உள்ளே சென்று பணியாற்ற வேண்டும் என்றார். சீட்டாடவும் வானொலி கேட்கவும் பாசிச மன்றத்துக்குப் போகும் தொழிலாளியைத் துரோகி என்று ஒதுக்கிவிட்டால் பேசுவதற்கு யாரும் மிஞ்சமாட்டார்கள் என்ற புரிதல் அதில் இருந்தது. அதே ஆண்டுகளில் முசோலினியின் சிறையில் கிராம்சி, ஆளும் வர்க்கம் வன்முறையோடு சம்மதத்தையும் திரட்டும் முறையைத் தம் குறிப்பேடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1937 ஏப்ரலில் அவர் இறந்தபோது அவை அச்சேறியிருக்கவில்லை.

பெருமுதலாளிகளின் பங்கு பற்றிய கேள்வியில் வரலாற்றாய்வு பழைய மார்க்சிய எழுத்தைத் திருத்தியும் உறுதிப்படுத்தியும் உள்ளது. கனரகத் தொழில் முதலாளிகளே பாசிசத்தின் முதற்பெரும் புரவலர்கள் என்று பிரெஞ்சு மார்க்சியர் டானியல் கெரான் 1936இல் எழுதினார். 1933க்கு முன் நாஜிக் கட்சியின் வருவாயில் பெரும்பகுதி அதன் உறுப்பினர்களிடமிருந்தே வந்தது என்று அமெரிக்க வரலாற்றாசிரியர் ஹென்றி டர்னர் 1985இல் நிறுவ முயன்றார். மார்க்சியர் அல்லாத அவருடைய சான்றுகளை ஒதுக்கிவிட இயலாது. ஆனால் காசுக் கணக்கு மட்டுமே கேள்வி அன்று. ஹிட்லரைப் பிரதமராக்கிய பேரம் 1933 ஜனவரி 4 அன்று கொலோன் நகரில் ஒரு வங்கியாளரின் வீட்டில் தொடங்கியது. முடிவெடுத்தவர்கள் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கைச் சூழ்ந்திருந்த கிழக்கு ஜெர்மனியின் பெருநிலக்கிழார்களும் படை அதிகாரிகளும் பழைமைவாத அரசியல்வாதிகளும். பிப்ரவரி 20 அன்று நாஜித் தலைவர் கோரிங்கின் இல்லத்தில் கூடிய தொழிலதிபர்கள், தேர்தல்களுக்கே முடிவுகட்டப்போகிறோம் என்பதை ஒளிக்காத ஒரு கட்சிக்கு ஏறக்குறைய 30 லட்சம் மார்க் தர இசைந்தார்கள். அவர்கள் நாஜிசத்தைப் படைக்கவில்லை. அது வாசலுக்கு வந்தபோது கதவைத் திறந்தார்கள்.

மார்க்சிய வரையறைகள் மிகவும் தடுமாறிய இடம் யூத மக்களின் படுகொலை. நாஜி ஆட்சியைக் கட்சி, படை, அதிகாரவர்க்கம், தொழில் ஆகிய நான்கு ஆதிக்கக் குழுக்களின் பேரமாகப் பகுத்தாய்ந்த ஃபிரான்ஸ் நியூமனின் 'பெஹெமொத்' இத்துறையின் மிகச் சிறந்த நூல்களுள் ஒன்று. 1942இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பு, உள்நாட்டு அரசியலில் யூத வெறுப்பு பயன்படும் காரணத்தினாலேயே யூதர்களை நாஜிகள் முற்றாக அழிக்கமாட்டார்கள் என்று கருதியது. அழிப்பு முகாம்கள் அப்போதே இயங்கத் தொடங்கிவிட்டன. தாமே யூதரான, ஹிட்லருக்கு முந்தைய வைமர் குடியரசுக் காலத் தொழிலாளர் வழக்கறிஞரான நியூமனுக்கே இந்தப் பிழை நேர்ந்தது என்றால், குறை அவருடைய அறிவில் இல்லை, வெறுப்பை எப்போதும் வேறொன்றுக்கான கருவியாகவே காணும் சிந்தனைப் பழக்கத்தில் இருக்கிறது. 1966இல் பிரிட்டிஷ் மார்க்சிய வரலாற்றாசிரியர் டிம் மேசன் இம்முடிச்சை நேராகத் தொட்டார். 1936க்குப் பின் ஜெர்மனியில் அரசியல் தலைமை பொருளாதார நலன்களின் பிடியிலிருந்து பெரிதும் விடுபட்டுவிட்டது என்ற அவருடைய கருத்தைக் கிழக்கு ஜெர்மன் ஆய்வாளர்கள் வன்மையாக மறுத்தார்கள். ஆஷ்விட்ஸ் அருகே ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் அடிமை உழைப்பில் ஆலை கட்டியது அவர்கள் பக்கத்துக்கு வலுவான சான்று. ஆனாலும் 1943 பிப்ரவரியில் பெர்லினின் ஆயுத ஆலைகளிலிருந்தே யூதத் தொழிலாளர்கள் பிடித்துச் செல்லப்பட்டதும், தோல்வி நெருங்கிய 1944 கோடையில் ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றிச் செல்ல ரயில்கள் ஒதுக்கப்பட்டதும் எந்த இலாபக் கணக்குக்குள்ளும் அடங்காதவை. மேசன் எழுப்பிய கேள்வியை மறுப்பதைவிட அதற்கு முகங்கொடுப்பதே மார்க்சியத்துக்கு அழகு.

அதற்கான ஒரு வழி ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து திறந்தது. டிரினிடாடில் பிறந்து அகிலத்தில் உயர்பொறுப்பு வகித்து, அதன் காலனியக் கொள்கையோடு முரண்பட்டு வெளியேறிய ஜார்ஜ் பட்மோர், ஆப்பிரிக்கக் காலனிகளின் ஆட்சிமுறையும் பாசிசமும் உறவுடையவை என்று 1930களின் நடுவிலேயே எழுதினார். மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர் 1950இல் அதை மேலும் கூர்மையாக்கினார்: காலனி மக்கள் மேல் பழகிய கொடுமை ஐரோப்பியர் மேலேயே திரும்பிய பிறகுதான் ஐரோப்பா அதிர்ந்தது. ஹெரேரோ, நாமா மக்களை 1904 முதல் 1908 வரை ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் அழித்தது ஹிட்லர் அன்று, கைசரின் அரசு. லிபியாவின் சிரெனைக்காவில் 1930 முதல் பழங்குடியினரை முகாம்களில் அடைத்து மடியவிட்டது முசோலினியின் படை. காலனியம் ஒன்றே பாசிசத்தை விளக்கிவிடும் என்பதில்லை. அப்படியாயின் மிகப் பெரிய காலனிகளைக் கொண்டிருந்த பிரிட்டனும் பிரான்சுமே முதலில் பாசிச நாடுகளாகியிருக்க வேண்டும். ஆனால் ஓர் இனத்தை மனித உரிமைக்கு வெளியே நிறுத்தும் பயிற்சி எங்கே பெறப்பட்டது என்பதை அது காட்டுகிறது. மேலிருந்து நீண்ட ஆதரவுக் கரம் ஒரு நாட்டின் எல்லைக்குள் மட்டும் இயங்கவில்லை என்பதையும் அது காட்டுகிறது. 1935 அக்டோபர் 3 அன்று இத்தாலி எத்தியோப்பியாவின் மேல் படையெடுத்தது, அப்போரில் நச்சு வாயுவையும் பயன்படுத்தியது. தேசங்களின் சங்கம் நவம்பரில் பொருளாதாரத் தடை விதித்தது. அந்தப் பட்டியலில் எண்ணெய் சேர்க்கப்படவில்லை, பிரிட்டனின் பிடியிலிருந்த சூயஸ் கால்வாய் இத்தாலியப் படைக் கப்பல்களுக்கு மூடப்படவில்லை, பாசிசத்துக்கு எதிரான மக்கள் முன்னணியை அதே கோடையில் அறிவித்த மாஸ்கோவும் முசோலினிக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தவில்லை.